அரசு வேலைல ஒரு கட்டடம் இழுக்காம முடியணும்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்

புதுசா ஏ.இ.யா, அதாவது உதவி பொறியாளரா, சேர்ந்த பசங்க நிறைய பேர் கேக்குறது, "சார், வேலை ஏன் இப்படி இழுக்குது?" கான்ட்ராக்டர் சரியில்ல, ஃபண்டு வரலன்னு சொல்லிட்டு போயிடலாம். ஆனா இத்தன வருஷம் ஊராட்சி ஒன்றியத்துல ஸ்கூல் கட்டடம், அங்கன்வாடி, மேல்நிலை தொட்டின்னு பார்த்ததுல எனக்கு தெரிஞ்சது, இழுக்குற வேலைல முக்கால்வாசி டெண்டர் விடுறதுக்கு முன்னாடியே இழுக்க ஆரம்பிச்சிடுது.

அதனால முதல்ல இடத்த பாருங்க. எஸ்டிமேட் போட உக்காருறதுக்கு முன்னாடி ஒருநாள் வி.ஏ.ஓ., சர்வேயர், ஹெட்மாஸ்டர், ஈபி லைன்மேன், ஊராட்சி தலைவர் எல்லாரையும் ஒரே நேரத்துல சைட்டுக்கு வர வைங்க. தனித்தனியா போன்ல கேட்டா எல்லாரும் "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"னுதான் சொல்லுவாங்க. நிலம் யாருதுன்னு சொல்ற அ-பதிவேடு, நிலத்தோட அளவு போட்ட எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் ரெண்டையும் கைல வச்சுக்கிட்டு அளக்க சொல்லி, நாலு மூலைலயும் கல்லு நட்டு, போட்டோ எடுத்து, வந்தவங்க கையெழுத்தோட ஒரு பக்கம் எழுதி ஃபைல்ல சேருங்க.

இத நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். ரெண்டு கிளாஸ்ரூம் கட்டடம், குழி எடுத்தாச்சு, தூணுக்கு கம்பிய தூக்கி நிறுத்துறாங்க, ஒரு கொத்தனார் மேல பார்த்துட்டு "நிறுத்து நிறுத்து"ன்னு கத்தினாரு. ஹைடென்ஷன் லைன் ஒரு மூலைக்கு மேல போகுது. அத மாத்த எஸ்டிமேட்டுல ஒரு ரூபா இல்ல. ஈபிக்கு டெபாசிட் கட்டணும், அதுக்கு பணம் எந்த தலைப்புலன்னு கேட்டு எழுதணும், ரிவைஸ்டு எஸ்டிமேட் போகணும், எல்லாம் முடிய அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசமும் பிள்ளைங்க வேப்பமரத்தடியில உக்காந்து படிச்சாங்க, அத இன்னைக்கும் மறக்க முடியல.

எஸ்டிமேட்ட அந்த வருஷத்து ரேட் ஷெட்யூல்ல, அதாவது அரசு விலைப்பட்டியல்ல, போடுங்க. 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி, லைன் மாத்துறது, மரம் வெட்டுறது, எதையும் விடாதீங்க. ஜி.எஸ்.டி. 2022 ஜூலைல 12லருந்து 18 ஆச்சு, பழைய எஸ்டிமேட்ட காப்பி அடிச்சவங்க அப்ப நல்லா மாட்டுனாங்க. தொகைய குறைச்சு காட்டுனா சீக்கிரம் சாங்ஷன் ஆகும்னு நினைக்காதீங்க, டெண்டருக்கு ஆளே வரமாட்டாங்க. வேலைக்கும் பணத்துக்கும் நிர்வாக அனுமதி வந்துட்டா போதும்னு டெண்டருக்கு ஓடாம, எஸ்டிமேட்ட மேல இருக்குற இன்ஜினியர் பார்த்து குடுக்குற தொழில்நுட்ப அனுமதியும் கைக்கு வரட்டும்.

அப்புறம் காலண்டர பின்னாடியிருந்து எண்ணுங்க. மார்ச் 31ல நிதியாண்டு முடியுது, அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம பக்கம் வடகிழக்கு பருவமழை. பிளிந்த் லெவல், அதாவது கட்டடத்தோட தரைமட்டம் வரைக்கும் உள்ள வேலை, செப்டம்பருக்குள்ள வந்துடணும், இல்லன்னா குழில தண்ணிதான் நிக்கும். டெண்டருக்கு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் 1998, அதோட 2000 விதிகள்படி 2 கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல 30 நாள் அவகாசம் குடுக்கணும். அத குறைக்கணும்னா மேலதிகாரி காரணத்த எழுத்துல பதிவு பண்ணணும், அந்த வம்பே வேணாம், முன்னாடியே கிளம்புங்க.

வேலை ஆரம்பிச்சதும் உங்க உயிரு எம்-புக்லதான், அதாவது வேலைய அளந்து எழுதுற அளவு புத்தகத்துலதான், இருக்கு. கான்கிரீட் போட்டுட்டா கம்பி கண்ணுக்கு தெரியாது, அதனால போடுறதுக்கு முன்னாடி எத்தன கம்பி, என்ன சைஸ், என்ன இடைவெளின்னு டேப் வச்சு அளந்து அன்னைக்கே எழுதிடுங்க, டேப் தெரியுற மாதிரி போட்டோவும் எடுங்க. வாரக்கடைசில ஞாபகத்துல எழுதுற அளவு ஆடிட்ல நிக்காது. தப்பா எழுதிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சு இனிஷியல் போடுங்க, மேலயே திருத்தி எழுதாதீங்க. பலம் சோதிக்க கான்கிரீட் கியூப் எடுத்தா தேதியையும் எந்த தூணுன்னும் அது மேலயே எழுதுங்க, 28 நாள் கழிச்சு லேபுக்கு போறப்ப எது எதுன்னு குழம்பாது.

சைட்டுக்கு வர்ற பெரியவங்க "இந்த பக்கம் ஒரு வராண்டா இழுத்து விட்டுடுப்பா"ன்னு வாய்ல சொல்லிட்டு போயிடுவாங்க. மரியாதையா தலையாட்டிட்டு அன்னைக்கு சாயங்காலமே "தாங்கள் இன்று நேரில் கூறியபடி"ன்னு ஆரம்பிச்சு ஒரு குறிப்பு மேல அனுப்பிடுங்க, ஒப்புதல் வராம எக்ஸ்ட்ரா ஐட்டத்துல கை வைக்காதீங்க.

பார்ட் பில்ல, அதாவது முடிஞ்ச வரைக்கும் உள்ள வேலைக்கான பில்ல, தயவுசெஞ்சு உக்கார விடாதீங்க. சின்ன கான்ட்ராக்டர் வட்டிக்கு வாங்கித்தான் சிமெண்ட் இறக்குறாரு, ரெண்டு மாசம் பணம் வரலன்னா கொத்தனாரு வேற சைட்டுக்கு போயிடுவாரு, திரும்ப பிடிக்கிறது கஷ்டம். செக்‌ஷன்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்ககிட்ட முதல் பில்லுக்கு முன்னாடியே போய் உக்காந்து என்னென்ன பேப்பர் வேணும்னு எழுதி வாங்கிடுங்க, அவங்களுக்கும் அது நிம்மதி. எல்லாத்தையும் ஒரே தடவைல வச்சா ஃபைல் திரும்பி வராது.

கரண்ட் கனெக்‌ஷனுக்கு லிண்டல் லெவல்லயே, அதாவது கதவு ஜன்னல் மேல்மட்டம் வர்றப்பவே, எழுதி குடுங்க, பெயிண்ட் அடிச்சு முடிச்சு மூணு மாசம் ஃபேன் சுத்தாத கிளாஸ்ரூம நான் பார்த்திருக்கேன். ஒப்படைக்கிறப்ப சாவியோட செப்டிக் டேங்க் எங்க, தண்ணி பைப் எந்த பக்கமா போகுதுன்னு கையால வரைஞ்ச ஸ்கெட்ச் ஒண்ணு ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்து, இன்னொரு காப்பிய ஃபைல்ல போடுங்க. பத்து வருஷம் கழிச்சு அங்க குழி தோண்ட வர்ற ஏ.இ. அதத்தான் முதல்ல தேடுவாரு.