மிதமான திரிபு கடுமையான திரிபைத் தடுக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு செடியில் வைரஸின் மிதமான திரிபு (அதிகச் சேதம் செய்யாத வகை) முதலில் பரவிவிட்டால், அதே வைரஸின் கடுமையான திரிபு பின்னால் வந்தாலும் பெரும்பாலும் அதனால் காலூன்ற முடிவதில்லை. 1929-ல் மெக்கின்னி என்ற ஆய்வாளர் புகையிலையில் இதைப் பார்த்தார்: பச்சைத் தேமல் பிடித்த செடிக்குள் மஞ்சள் தேமல் திரிபைச் செலுத்தினால் மஞ்சள் அறிகுறி தலைகாட்டவில்லை. இதற்குக் குறுக்குப் பாதுகாப்பு என்று பெயர். பிரேசிலில் ஆரஞ்சு மரங்களை டிரிஸ்டெசா என்ற ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் வைரஸிடமிருந்து காத்ததும் இதே வழிதான்.

இதைச் சோதிக்க பூச்சி புகாத கண்ணாடிக்குடிலும், அந்த வைரஸைக் கையாளும் அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

மூன்று நான்கு இலை விட்ட, ஒரே வயதுள்ள நாற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிதமான திரிபு உள்ள இலையைப் பாஸ்பேட் பஃபரில் (அமில-கார அளவை மாறாமல் வைக்கும் கரைசல், பிஎச் 7 அளவில்) அரைத்து, நாற்றின் கீழ் இலைமேல் கார்போரண்டம் தூளை (இலையில் நுண்ணிய கீறல் போடும் சொரசொரப்பான தூள்) லேசாகத் தூவி, சாற்றை விரலால் மெல்லத் தேய்த்து, உடனே தண்ணீரில் கழுவிவிடுங்கள். இலை கிழியும் அளவுக்கு அழுத்தினால் அந்தச் செல்கள் செத்துவிடும், வைரஸும் பெருகாது.

அடுத்தது காத்திருப்பு. இங்கே அவசரப்பட்டால் மொத்தச் சோதனையும் வீண். புகையிலைத் தேமலுக்கு இரண்டு வாரம் விடலாம். மேல் இலைகளுக்கு மிதமான திரிபு போய்ச் சேர்ந்ததா என்று எலைசாவில் (வைரஸ் புரதத்தைக் காட்டும் பரிசோதனை) உறுதி செய்த பிறகுதான், அந்த மேல் இலைகளில் கடுமையான திரிபைத் தேய்க்க வேண்டும். அதையும் ஒரே அடர்த்தியில் கொடுக்காமல் வெவ்வேறு அளவில் நீர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் குறைந்த அளவைத் தாங்கிய பாதுகாப்பு அதிக அளவில் உடைவதுண்டு.

ஒப்பீட்டுச் செடிகள் இல்லாமல் எந்த முடிவும் சொல்ல முடியாது. வெறும் பஃபர் மட்டும் பெற்றவை, மிதமானது மட்டும் பெற்றவை, பஃபருக்குப் பின் கடுமையானது பெற்றவை, இரண்டும் பெற்றவை என்று நான்கு வரிசை வேண்டும். அப்புறம் பலர் விட்டுவிடுகிற ஐந்தாவது வரிசை: மிதமான திரிபுக்குப் பின் உறவே இல்லாத வேறொரு வைரஸ். அதுவும் தடுக்கப்பட்டால், நீங்கள் பார்ப்பது திரிபுகளுக்கு இடையிலான தடுப்பு இல்லை, செடியின் பொதுவான எதிர்ப்புச் சக்தியே விழித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, அறிகுறி வரவில்லை. பாதுகாப்பு கிடைத்துவிட்டதா? இல்லை, அறிகுறி இல்லாமலே கடுமையான திரிபு உள்ளே பெருகிக்கொண்டிருக்கலாம். சாதாரண எலைசா பெரும்பாலும் இரண்டு திரிபையும் ஒன்றாகத்தான் காட்டும். திரிபைப் பிரித்துக் காட்டும் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபு வரிசையைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை) செய்யுங்கள். புகையிலைத் தேமலில் இன்னொரு அழகான வழி உண்டு: புகையிலைக்கு உறவான நிகோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ் செடியில் சில திரிபுகள் தேய்த்த இடத்திலேயே புள்ளிப் புண்ணாக நின்றுவிடும், சாதாரணத் திரிபோ செடி முழுதும் பரவும். உங்கள் இரண்டு திரிபும் அப்படி வேறுபட்டால், சோதனைச் செடியின் சாற்றை அதில் தேய்த்து, புண்களை எண்ணியே விடை சொல்லிவிடலாம்.

தடுப்பு எப்படி நடக்கிறது என்று அறிய ஆசைப்பட்டால், கடுமையான திரிபின் முழு வைரஸுக்குப் பதில் அதன் ஆர்என்ஏவை (மரபுப் பொருளை) மட்டும் பிரித்தெடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அப்போது பாதுகாப்பு தளர்ந்தால், முதல் திரிபின் உறைப்புரதம் (வைரஸின் வெளி உறையாக அமையும் புரதம்) பின்னால் வந்த வைரஸின் உறை கழலவிடாமல் தடுத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். 1986-ல் பீச்சி என்ற ஆய்வாளரின் குழு இந்த உறைப்புரத மரபணுவை மட்டும் புகையிலைக்குள் வைத்தே எதிர்ப்பைக் காட்டியது. தளரவில்லை என்றால் ஆர்என்ஏ மௌனமாக்கலைச் சந்தேகியுங்கள்: செடி முதல் திரிபின் வரிசையைத் துண்டாக்கி, அதே வரிசையுள்ள எதையும் வெட்டுகிறது. திரிபுகளின் வரிசை விலக விலக இது பலவீனமாகும். டிரிஸ்டெசாவில் கதை வேறு, அங்கே பி33 என்ற வைரஸ் புரதம் இல்லாமல் தடுப்பே நடப்பதில்லை.

சோதனை நன்றாக வந்தாலும் மிதமான திரிபை வயலில் விட்டுவிடாதீர்கள். அது பிறழ்ந்து கடுமையாகலாம், பக்கத்துப் பயிருக்குக் கொடியதாக இருக்கலாம், வேறு வைரஸோடு சேர்ந்து இரட்டிப்புச் சேதம் செய்யலாம். உருளைக்கிழங்கு எக்ஸ், ஒய் வைரஸ்கள் இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் தனித்தனியே செய்வதைவிட மிக மோசமாகப் பாதிக்கும். முடிந்ததும் செடி, மண், தொட்டி எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையில்கூட ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.