பிரிட்டனில் முதல் பழைய கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நர்ஸுக்கும், முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குபவருக்கும் அந்த நேரத்தில் பஸ் கிடைப்பதில்லை. அதனால் வந்த சில மாதங்களிலேயே கார் தேடத் தொடங்குகிறோம். கையில் 4,000 பவுண்ட் இருந்தால் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். 2,500 பவுண்டுக்குள் கார் பாருங்கள். மீதி முதல் ஆண்டிலேயே செலவாகிவிடும்.

அந்த மீதியில் பெரும்பங்கு இன்சூரன்ஸுக்குப் போகும். காரைப் பார்க்கப் புறப்படும் முன்பே விளம்பரத்திலுள்ள பதிவு எண்ணை விலை ஒப்பிடும் தளங்களில் போட்டு, உங்கள் பெயருக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கார்களை 1 முதல் 50 வரை குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். எண் கூடக் கூடத் தொகையும் ஏறும். ஊரில் பத்தாண்டு விபத்தில்லாமல் ஓட்டியிருந்தாலும் பெரும்பாலான நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக வந்த இளைஞரிடம் சிறிய காருக்கே 1,500 பவுண்டுக்கு மேல் கேட்பது சாதாரணம்.

இந்திய, இலங்கை உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதைக் கொடுத்து பிரிட்டிஷ் உரிமம் வாங்க முடியாது. தியரி தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகும் என்பதால் வந்த உடனே விண்ணப்பியுங்கள். பிரிட்டிஷ் உரிமம் கைக்கு வந்ததும் இன்சூரன்ஸ் தொகையும் பொதுவாகக் குறையும்.

தொகை அதிகம் என்று சித்தப்பா பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து, நீங்கள் தினமும் ஓட்டுவது மோசடிக் குற்றம். விபத்து நடந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கும். நீங்கள் முதன்மை ஓட்டுநராக இருந்து, அனுபவமுள்ள அவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது சட்டப்படி சரி; தொகையும் குறையக்கூடும். வேலைக்குப் போய்வர ஓட்டுவதைப் படிவத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும். உணவு டெலிவரிக்குச் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு இன்சூரன்ஸ் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அப்படி வாங்கிய தாள் போலியென்றால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும்: 300 பவுண்ட் அபராதம், உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளி. பிரிட்டிஷ் உரிமம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து.

எஞ்சினுக்குள் இருக்கும் பெல்ட்

சிறிய பழைய கார்களில் பெரிய பண இழப்பு இங்கேதான். ஃபோர்டு ஃபியஸ்டாவின் 1.0 ஈக்கோபூஸ்ட் எஞ்சினில், உள் பாகங்களை ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். ‘வெட் பெல்ட்’ என்பார்கள். பிந்தைய சில எஞ்சின்களில் இதைச் சங்கிலியாக மாற்றினார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலும், தயாரிப்பாளர் குறித்த தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினாலும் ரப்பர் ஊறி உதிரும். தினமும் இரண்டு மைல் மட்டுமே ஓடும் காரில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து இதை விரைவுபடுத்தும். உதிர்ந்த துகள் அடியில் உள்ள ஆயில் உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறைந்து டர்போவும் பேரிங்கும் தேயும். பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் போய்விடலாம்.

இந்தப் பெல்ட்டுக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 10 ஆண்டு. 2014-இல் வந்த காருக்கு அது முடிந்துவிட்டது. மாற்ற ஏறத்தாழ ஆயிரம் பவுண்ட் ஆகும்; அடியிலுள்ள ஆயில் தொட்டியைக் கழற்றி வலையையும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். “மாற்றியாச்சு” என்ற வாய்வார்த்தை போதாது. கராஜ் ரசீதைக் கேளுங்கள், அதில் தேதியும் மைல் கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆயிரத்தை விலையில் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பியூஜோ 208, சிட்ரோயன் சி3 ஆகியவற்றின் 1.2 ப்யூர்டெக் எஞ்சினிலும் இதே அமைப்பு. 2019 இறுதியில் வந்த புதிய வாக்ஸ்ஹால் கோர்சாவிலும் அதே எஞ்சின்தான். இதில் துகள் பிரேக்குக்கு உதவும் வேக்கும் பம்ப் வரை போகலாம், அப்போது பெடல் கல்லாக இறுகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட் தெரியும். விரிசலோ வீக்கமோ இருந்தால் பேரம் பேசக்கூட வேண்டாம்.

2006 முதல் 2014 வரையிலான கோர்சாவின் 1.2, 1.4 எஞ்சின்களில் சங்கிலி. ஆயில் பராமரிப்பு இல்லாதவை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது கலகலவென்று சத்தம் போடும். பழைய ஃபியஸ்டா 1.25 மெதுவான கார்தான், ஆனால் சாதாரண உலர் பெல்ட், மாற்றச் செலவு குறைவு. டொயோட்டா யாரிஸ் 1.0, 1.33, ஹோண்டா ஜாஸ் மூன்றிலும் சங்கிலி. கூடுதலாக ஐநூறு கொடுத்தாவது இவற்றை வாங்குவதே எங்கள் பரிந்துரை. யாரிஸின் மல்ட்டிமோடு, ஜாஸின் ஐ-ஷிப்ட், ஃபியஸ்டாவின் பவர்ஷிப்ட் ஆகிய தானியங்கி கியர்பாக்ஸ்களைத் தவிருங்கள். பழுது செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். ஜாஸில் டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்பேர் வீல் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால் டீசல் வேண்டாம். புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பார்க்கப் போகும்போது

பதிவு எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் எம்ஓடி எனப்படும் கட்டாய ஆண்டுச் சோதனையின் வரலாறு இலவசமாகக் கிடைக்கும். மைல் கணக்கு ஆண்டுதோறும் ஒழுங்காக ஏறுகிறதா, எச்சரிக்கைக் குறிப்புகள் என்ன என்று படியுங்கள். ‘பிரேக் குழாயில் துரு’ என்று மூன்று ஆண்டாக வந்தும் சரிசெய்யவில்லை என்றால், அந்த உரிமையாளர் ஆயிலும் மாற்றியிருக்க மாட்டார். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அடிப்பகுதி துருதான் இங்கே முக்கியக் கவலை.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ சத்தத்தை மறைக்க ஓட்டிவைத்திருக்கலாம். ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, 400 முதல் 700 பவுண்ட் செலவு.

கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்துக்கட்டிய கார் ஆகியவற்றைக் காட்டும் வரலாற்று அறிக்கையைப் பணம் கட்டி எடுங்கள். காரின் பதிவு ஆவணமான வி5சி லாக்புக்கில் இருப்பவர் பதிவு செய்யப்பட்ட வைத்திருப்பவர் மட்டுமே, அது உரிமைச் சான்று அல்ல. வாங்கும்போது அதிலுள்ள பச்சைச் சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். பழைய உரிமையாளர் கட்டிய வாகன வரி உங்களுக்கு மாறாது. அந்தச் சீட்டு எண்ணை வைத்து, கிளம்பும் முன்பே போனில் கட்டிவிடலாம். வியாபாரியிடம் வாங்கினால், வாங்கும்போதே குறை இருந்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. தனியாரிடம் அது இல்லை.

வரியில் ஒரு நுணுக்கம்: 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான காருக்குப் புகையிலுள்ள கரியமில வாயு அளவைப் பொறுத்து வரி, குறைவாக வெளிவிடும் ஃபியஸ்டாவுக்கு 2025-26 வரியாண்டில் 20 பவுண்ட். அதே கார் 2017 ஏப்ரலில் பதிவாகியிருந்தால் அந்த ஆண்டில் 195. லண்டனில் இருந்தால், புகை அதிகம் விடும் கார்களுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் விதியையும் பாருங்கள். 2006-க்குப் பின் வந்த பெட்ரோல் கார்கள் பொதுவாகத் தேறும். தேறாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட்.

ஆண்டுக்கு 7,000 மைல் ஓடினால் பெட்ரோல் ஆயிரம் பவுண்டை நெருங்கும். சர்வீஸ் 150 முதல் 250, டயர் ஒன்று 60 முதல் 80, எம்ஓடி அதிகபட்சம் 54.85. டயர் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒரு டயருக்கு 2,500 பவுண்ட் வரை அபராதமும் 3 புள்ளியும் வரலாம். 20 பென்ஸ் காசைப் பள்ளத்தில் செருகுங்கள். காசின் வெளி விளிம்பு வெளியே தெரிந்தால் டயரை உடனே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எம்ஓடி முடிய ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதனைக்கு விட்டாலும் அடுத்த ஆண்டுத் தேதி மாறாது. ஏதாவது தோற்றால் சரிசெய்ய அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கும்.