போனைப் பிடுங்குவதற்கு முன்: பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு திங்கட்கிழமை மதியம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "டீச்சர், எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்தான். அந்தப் பையன் யார் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஒரு பெண்ணின் பெயரில் ஃபாலோ ரிக்வெஸ்ட் வந்திருக்கிறது. இரண்டு நாள் அரட்டை, அப்புறம் ராத்திரி ஒரு வீடியோ கால். அந்தப் பக்கம் ஸ்கிரீன் ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது இவனுக்குத் தெரியாது. விடிந்ததும் இவனுடைய ஃபாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ஐயாயிரம் ரூபாய் போடாவிட்டால் இத்தனை பேருக்கும் வீடியோ போகும் என்று மிரட்டல். அம்மாவின் போனிலிருந்து இரண்டாயிரம் அனுப்பிவிட்டான். கேட்பது நிற்கவில்லை.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போனைப் பிடுங்கிடுவாரு டீச்சர்" என்றான்.

இதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். பிள்ளைகளிடம் நாம் எப்போதும் சொல்லி வைத்திருப்பது, "ஏதாவது ஏடாகூடமாச்சு, போன் கிடையாது" என்பதைத்தான். அதனால் ஏதாவது ஆகும்போது அவர்கள் முதலில் மறைப்பது நம்மிடம். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் கையில் இருக்கும் வீடியோவைவிட, வீட்டில் சொல்ல முடியாது என்ற அந்தப் பயம்தான் அவனுக்கு முதலீடு. போனைப் பிடுங்கினால் பிள்ளை இணையத்தை விட்டுவிடப் போவதில்லை. நண்பனின் போனில், வேறொரு பெயரில், நமக்குத் தெரியாத கணக்கில் தொடரும். அடுத்த முறை சிக்கினால் நம்மிடம் வரவே வராது.

அதனால் சிக்கல் வருவதற்கு முன்பே, வீடு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் சொல்லிவிடுங்கள்: "நீ என்ன தப்பு பண்ணியிருந்தாலும் சரி, யாராவது மிரட்டினா முதல்ல எங்கிட்ட வா. போனை வாங்க மாட்டேன்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

அப்படிப் பிள்ளை வந்து சொன்னால் அடுத்து என்ன? பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் உடனே அரட்டையை அழித்து, கணக்கையும் மூடிவிடுகிறார்கள். அது அடுத்த தவறு. சாட்சியம் மொத்தமும் போய்விடும். முதலில் பணம் அனுப்புவதை நிறுத்துங்கள், ஒருமுறை கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தையோ வீடியோவையோ மட்டும் உறவினர்களுக்கு அனுப்பிக் காட்டாதீர்கள். அதன்பிறகு பிளாக் செய்யலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வங்கியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் நம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அந்தக் குறியீட்டை வைத்து, தங்கள் தளங்களில் அந்தப் படம் இருந்தால் கண்டுபிடித்து நீக்க முடியும்.

இந்த மாதிரி எச்சரிக்கையெல்லாம் நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். "அவன் பையன்தானே, அவனுக்கு என்ன ஆகும்" என்ற நினைப்பு. நான் மேலே சொன்னவன் பையன்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. இன்னொன்றையும் எங்கள் ஆசிரியர்களுக்கே சொல்ல வேண்டும்: இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும், பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று மூடிவைத்தால் அந்தச் சட்டப்படி அதுவும் குற்றம்.

"தெரியாதவங்களோட பேசாதே" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதும் பலிப்பதில்லை. மூன்று வாரமாகத் தினமும் சேர்ந்து கேம் விளையாடுகிறவன் பிள்ளையின் பார்வையில் தெரியாதவனா? அவன் நண்பன். ஆள் யார் என்பதைவிட, என்ன கேட்கிறான் என்பதைக் கவனிக்கச் சொல்லிக்கொடுங்கள். "இங்கே வேண்டாம், வேற ஆப்புக்கு வா" என்கிறானா? "வீட்டில் சொல்லாதே" என்கிறானா? படமோ ஓடிபியோ கேட்டு அவசரப்படுத்துகிறானா? இதில் ஒன்று வந்தாலே பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போடுவது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பல வீடுகளில் பெற்றோரே அதைச் செய்துகொடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினரின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும், அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்புவதற்குத் தடை இருக்கும். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம், பிள்ளை பெரியவர்களின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

பெரியவர்கள் நாம் மட்டும் ஒழுங்கா? பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலை அப்படியே போட்டுவிடுகிறோம். பெயர், பள்ளி, பதிவெண், பிறந்த தேதி எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் ரிசல்ட் பார்க்கவே பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான் கேட்கிறார்கள். "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று ஒருவன் போன் செய்து அந்த விவரங்களைச் சரியாகச் சொன்னால் எந்த அம்மாதான் நம்பமாட்டார்? சந்தோஷத்தைப் பகிரத்தான் வேண்டும், மதிப்பெண்ணை மட்டும் எழுதிப் போட்டால் போதும். பிள்ளையின் படத்தைப் போடும் முன் அதனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அனுமதி கேட்பது என்றால் என்ன என்று அது கற்றுக்கொள்வது அங்கேதான்.

ஏனென்றால் எனக்கு அதிக வருத்தம் தருவது, தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமே நாம் சொல்லித்தருவது. அடுத்தவரைக் காயப்படுத்தாமல் இருக்கச் சொல்லித்தருவதில்லை. வகுப்பு குரூப்பில் ஒரு பிள்ளையின் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கிச் சிரிப்பதில் ஆரம்பிக்கிறது. ஏஐ ஆப்பில் வகுப்புத் தோழியின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டுவது வரைக்கும் போகிறது. "நான் செய்யல டீச்சர், ஃபார்வேர்டுதான் பண்ணினேன்" என்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். வைத்திருப்பது பற்றியும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொல்லிவிட்டது: நீக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். சட்டத்தைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பயப்படுகிறார்கள். "இந்தக் குரூப்ல அவளோட அம்மா இருந்தா இதைப் போடுவியா?" என்று கேட்டபோதுதான் என் வகுப்பில் ஒரு முழு பெஞ்சும் தலைகுனிந்தது.

அந்தப் பையனின் அப்பாவை அன்று மாலையே வரச் சொன்னேன். உள்ளே விடுவதற்கு முன் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: "பத்து நிமிஷம் எதுவும் கேக்காதீங்க." வந்து உட்கார்ந்தார். பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மதியம் சாப்டியாடா?" என்றார். அவன் அழுது முடித்தபின், ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து 1930-க்கு அழைத்தோம். பையன் பரிவர்த்தனை எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, அப்பா அதை போனில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.