குளிர்காலத்துக்குக் கேம்பர் வண்டியை நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்ராறியோவில் அக்டோபர் மாதம் முகாம் பயணங்கள் முடிந்ததும், பலர் தங்கள் கேம்பர் வண்டியின் நன்னீர்த் தொட்டியை மட்டும் காலிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்று வண்டியைப் பூட்டி நிறுத்திவிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், பம்பிலோ குழாயின் வளைவிலோ தங்கிவிட்ட ஒரு கோப்பை நீரே பிளாஸ்டிக் இணைப்பைப் பிளந்துவிடும்; மே மாதம் பம்பை ஓடவிடும்போது சுவருக்குப் பின்னால் நீர் கசியும் வரை அது தெரியவராது.

குழாய்களுக்குக் காருக்குரிய பச்சை நிற உறைதடுப்புத் திரவத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர் செல்லும் வழிக்குப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவமே ஏற்றது. புட்டியில் மைனஸ் 50 பாகை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதுவரை திரவம் உறையாது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் குழாய் வெடிக்காமல் காக்கும் வரம்பையே குறிக்கிறது, திரவமோ அதற்கு வெகு முன்பே கூழாகிவிடும். மிஞ்சிய தண்ணீரோடு கலந்தால் அந்தக் காப்பும் குறையும் என்பதால், முதலில் குழாய்களை வடித்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு நிறம் நீர்த்துப்போகாமல் வரும் வரை திறந்து வைக்க வேண்டும். வெளிப்புறக் குளியல் குழாயும் கழிப்பறையும்தான் பெரும்பாலும் மறந்துபோகின்றன. கைகழுவும், பாத்திரம் கழுவும் தொட்டிகளுக்கடியிலுள்ள வளைகுழாய்களிலும் இந்தத் திரவத்தைச் சிறிது ஊற்றுங்கள்.

வெந்நீர்த் தொட்டியைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி வால்வைத் திருப்ப மறந்தால், ஏறத்தாழ 23 லீட்டர் திரவம் அந்தத் தொட்டியை நிரப்பவே வீணாகும். சூடும் அழுத்தமும் தணியாத தொட்டியின் அடைப்பைக் கழற்றுவது கையைச் சுட்டுவிடும்; ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே தொடுங்கள். கழிவுத் தொட்டிகளையும் காலிசெய்யாமல் நிறுத்தக் கூடாது.

அடுத்தது பேட்டரி. முழுதாக மின்னேற்றிய ஈய அமில பேட்டரி ஒன்ராறியோவின் கடுங்குளிரையும் தாங்கும். தீர்ந்துபோனதோ மைனஸ் 7 பாகை அளவிலேயே உறைந்து பிளக்கக்கூடும். வாயுக் கசிவு உணரி போன்றவை வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், இணைப்பைக் கழற்றி, நன்கு மின்னேற்றி, மாதம் ஒருமுறை பார்ப்பதே பாதுகாப்பு. லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையை மட்டும் 0 பாகைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது.

காற்றுப் புகாத நீலத் தார்ப்பாயால் வண்டியை இறுக மூடுவது ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு இடங்கொடுக்கும். காற்றோட்டமுள்ள உறையையே வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். எலிகள் விரலளவு இடுக்கிலும் நுழைந்துவிடுவதால், தரைக்கடியில் கம்பிகளும் வாயுக் குழாயும் நுழையும் துளைகளை எஃகுக் கம்பிப் பஞ்சால் அடைத்துவிட்டு, அலமாரிகளில் அரிசி, மாவு, பிஸ்கட் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு வண்டியைப் பூட்டுங்கள்.