எதிர் வலுவூட்டல் தண்டனை இல்லை: ஸ்கின்னரைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பி.எட்., டெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பற்றிய பாடத்தில் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு செயலின் விளைவால் அந்தச் செயல் கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. இவர்களோ எதிர் வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். ‘எதிர்’ என்ற சொல்தான் ஏமாற்றுகிறது.

பெட்டிக்குள் ஓர் எலி. தரையில் லேசான மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நெம்புகோலை அழுத்தியதும் நின்றுவிடுகிறது. அடுத்த முறை எலி இன்னும் சீக்கிரம் அழுத்தும். தொல்லை விலகியதால் செயல் கூடியது, அதனால் இது எதிர் வலுவூட்டல். அழுத்தினால்தான் மின்சாரம் தாக்குகிறது, எலியும் அழுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது என்றால் அது தண்டனை. ‘நேர்’ என்றால் ஒன்று வந்து சேர்கிறது, ‘எதிர்’ என்றால் ஒன்று போகிறது. நல்லது, கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை.

பரிசு கொடுத்தாலே வலுவூட்டல் ஆகிவிடும் என்பதும் தவறுதான். வயிறு நிறைந்த எலிக்கு உணவு உருண்டையால் என்ன ஆகும்? செயல் கூடினால் மட்டுமே அதற்கு அந்தப் பெயர்.

வீட்டில் நாய் பழக்குபவர்கள் தவறுவது நேரத்தில். “உட்கார்” என்றதும் நாய் உட்கார்கிறது. நாம் உள்ளே போய் பிஸ்கட் எடுத்து வருவதற்குள் எழுந்து குதிக்கிறது. அப்போது கொடுத்தால் குதிப்பதற்குத்தான் பிஸ்கட். 1948-இல் ஸ்கின்னர், புறாக்கள் என்ன செய்தாலும் குறித்த இடைவெளியில் தீனி கிடைக்கும்படி வைத்தார். 8 புறாக்களில் 6 தெளிவான புதுப் பழக்கங்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலே வலுப்பட்டுவிட்டது என்பது அவர் விளக்கம். இதை முடிந்த முடிவாக மேற்கோள் காட்டாதீர்கள். ஸ்டேடன், சிம்மல்ஹாக் என்ற ஆய்வாளர்கள் இதே போன்ற சோதனையைக் கூர்ந்து கவனித்து, 1971-இல் வேறு விளக்கம் சொன்னார்கள். தீனி வரும் நேரம் நெருங்கும்போது புறாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி கொத்தவே செய்தன.

சாப்பாட்டு மேசையருகே நாய் கெஞ்சுவதை நிறுத்த வேண்டுமா? தீனியை நிறுத்தியதும் கெஞ்சல் முதலில் கூடக்கூடும். அந்த நேரம் பார்த்து மனமிளகி ஒரு துண்டு போட்டால், விடாமல் கெஞ்சக் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

அப்புறம், எந்த விலங்குக்கும் எதையும் பழக்கலாம் என்ற எண்ணம். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1961-இல் தங்கள் தோல்விகளை வெளிப்படையாக எழுதினார்கள், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. நாணயத்தைப் பெட்டியில் போட்டால் உணவு என்று ரக்கூன் என்ற வட அமெரிக்க விலங்கு ஒன்றுக்குப் பழக்கினார்கள். இரண்டு நாணயம் கொடுத்ததும் அது அவற்றைப் போடாமல், இரையைக் கழுவுவதுபோல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு உணவு கிடைக்காமல் போனது. ஆனாலும் நாளாக ஆகத் தேய்ப்பது கூடியதே தவிர குறையவில்லை.