வாண்டுகளோடு தீம் பார்க் போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்கையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு டேப்பில் அளந்து பாருங்கள். தீம் பார்க்கில் வயதை விட உயரம்தான் கணக்கு. கொச்சி வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், இலவசம், அதிலிருந்து 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். உள்ளே போனால் ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாக ஓர் உயரக் கோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது ஆண்பிள்ளையின் சராசரி உயரம் 96 செ.மீ., ஐந்து வயதில் 110. ரோலர் கோஸ்டர் மாதிரிப் பெரிய ரைடுகளுக்கு இதைவிட நிறைய உயரம் கேட்பார்கள். அதனால் இந்த வயதில் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப் போவது குழந்தைகள் பகுதி, பொம்மை ரயில், குடைராட்டினம், முழங்கால் ஆழத் தண்ணீர், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதிப் பிரச்சினை வராது.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் பார்க் உண்டு: கொச்சியில் காக்கநாட்டுக்குப் பக்கத்தில் வொண்டர்லா, சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி போகும் வழியில் சில்வர் ஸ்டார்ம், ட்ரீம் வேர்ல்ட், அந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர். எதற்குப் போனாலும் அளக்கிற வேலையை விடாதீர்கள். எங்கள் பெரியவனுக்கு ஐந்தரை வயது இருக்கும்போது ஒரு பார்க்கில் நாற்பது நிமிஷம் வரிசையில் நின்றோம். அளவுக்கம்பை வரிசையின் தலைப்பில்தான் வைத்திருந்தார்கள். கிட்டே போனதும் இரண்டு விரல் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அழவே இல்லை, திரும்பி வரும் வழியெல்லாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்து வந்தான். அதைப் பார்த்ததிலிருந்து நான் முதலில் தனியாகப் போய்க் கம்பு எங்கே இருக்கிறது, எத்தனை செ.மீ. என்று பார்த்துவிட்டு வந்துதான் பிள்ளையை வரிசையில் நிறுத்துகிறேன்.

எந்த மாதம் போவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஏப்ரல், மே இரண்டும் பள்ளிக்கூட லீவு என்பதால் எல்லோரும் அப்போதுதான் கிளம்புகிறார்கள், ஆனால் கைக்குழந்தைக்கு அது மோசமான காலம். பாலக்காட்டில் காய்கிற வெயில் என்றால் கொச்சியில் வியர்த்து ஊற்றும், குழந்தைக்கு வியர்க்குரு வந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் பருவமழை இறங்கிவிடும், இடி மின்னல் என்றால் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஓணம், கிறிஸ்துமஸ் லீவுகளில் கூட்டம் தாங்காது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன், ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், ரோட்டிலும் நெருக்கடி. பள்ளிக்கூடம் சேராத பிள்ளை என்றால் ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ரயிலா காரா என்று கேட்டால், மூன்று வயதுக்குக் கீழே என்றால் எனக்கு ரயில்தான். பாலக்காடு ஜங்ஷனில் ஏறினால் கொச்சிக்கு முன்னால் வரும் ஆலுவாவுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். பிள்ளை நடக்கலாம், ஜன்னல் பார்க்கலாம், கழிப்பறைக்கு வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குள் என்றால் தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட்டும் வேண்டாம். ஆலுவாவில் இறங்கி டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம். காரில் போவதென்றால் விடியற்காலையில் தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கி உட்கார வைத்துவிடுங்கள், ஆனால் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டவே வேண்டாம். ஏர்பேக் வெடித்தால் குழந்தை முகத்தில்தான் அடிக்கும். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த இருக்கையை வாங்குங்கள். குதிரான் சுரங்கம் 2021-இல் திறந்த பிறகு திருச்சூர் வழி எவ்வளவோ சுலபமாகிவிட்டது, முன்பெல்லாம் அந்த மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறோம். சுரங்கம் வரும்போது மட்டும் பிள்ளையை எழுப்பிக் காட்டலாம்.

நேரக் கணக்குதான் எல்லாவற்றையும் விட முக்கியம், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இந்த மாதிரி பார்க்குகள் பெரும்பாலும் காலை பத்து, பதினொன்று மணிக்குத்தான் திறக்கின்றன. ஆறு மணிக்கு எழுந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டரை, ஒரு மணிக்குத் தூக்கம் வந்துவிடும். ஆக, பதினொன்றுக்குத் திறக்கும் பார்க் என்றால், நல்ல மூடில் இருக்கும் நேரம் உங்களுக்கு இரண்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை. அந்த நேரத்தை லாக்கர் வரிசையிலும் உடை மாற்றுவதிலும் போட்டோ எடுப்பதிலும் விட்டுவிட்டு, ஒரு மணிக்கு மேல் அழுகிற பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றி, "எவ்வளவு காசு குடுத்துருக்கோம், சிரி" என்று அதட்டுகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

முடிந்தால் முந்தின நாளே போய் ஆலுவாவிலோ காக்கநாட்டிலோ தங்கிவிடுங்கள். திறக்கும்போது வாசலில் இருங்கள், டிக்கெட் ஆன்லைனில் முன்பே எடுத்திருங்கள். உள்ளே போனதும் எல்லோரும் பெரிய ரைடுகளை நோக்கி ஓடுவார்கள், நீங்கள் நேராகக் குழந்தைகள் பகுதிக்குப் போங்கள், முதல் ஒரு மணி நேரம் அங்கே வரிசையே இருக்காது. அப்புறம் சாப்பாடு, தூக்கம். தூங்கும்போது பெரியவர்கள் மாறி மாறி ரைடு போகலாம். எழுந்த பிறகு மூன்று மணிக்கு மேல் தண்ணீர். வெயிலும் இறங்கியிருக்கும், அடித்துப் போட்ட மாதிரி களைத்து, திரும்பும் வழியில் அப்படியே தூங்கிவிடும்.

இதற்கு ஆள் வேண்டும். ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் கை சும்மா இருக்கும் ஒருவர், இது என் கணக்கு. எங்களோடு என் மாமியார் வந்தார். "நீ போயிட்டு வா அம்மிணி, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று வேப்பமர நிழலில் சேலைத்தலைப்பை விரித்து உட்கார்ந்துவிட்டார். தூங்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வயசானவர்களைப் பை காக்கிற ஆளாக மட்டும் கூட்டிப்போகாதீர்கள். சாயங்காலம் பொம்மை ரயிலில் ஏறலாமா அத்தை என்று கேட்டபோது உடனே எழுந்து வந்தார், அவரும் சின்னவளும் மூன்று சுற்று போனார்கள்.

இனி தண்ணீர். இங்கே மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். சின்னப் பிள்ளை மூழ்கும்போது சத்தம் போடாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, கணுக்கால் ஆழத் தண்ணீரில் குப்புற விழுந்தாலே எழத் தெரியாமல் போகலாம். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான்தான், அதை நம்பி விடக்கூடாது. விசில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆள் நூறு பேரைப் பார்க்கிறார், உங்கள் பிள்ளையை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதுவும் கை எட்டும் தூரத்தில், போன் லாக்கருக்குள். "நீ பாக்கறன்னு நெனச்சேன்" என்று புருஷனும் பெண்டாட்டியும் சொல்லிக்கொள்ளும்படி ஆகக்கூடாது. எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்றிக்கொள்வோம்: "இப்ப நீங்க பாருங்க, நான் போறேன்." அலை வரும் குளத்துக்கு நான்கு வயதுக்குக் கீழே பிள்ளையைக் கூட்டிப்போகவே மாட்டேன், இடுப்பில் வைத்திருந்தால்கூட.

எங்கள் சின்னவளுக்கு மூன்று வயதில் முதல் தண்ணீர் பார்க். குழந்தைகள் குளத்துக்கு மேலே ஒரு பெரிய வாளி நிறைந்துகொண்டே வரும், மணி அடிக்கும், அப்புறம் மொத்தமாகக் கவிழும். மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிப்போய் அடியில் நின்றார்கள். இவள் முதல் மணிக்கே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், நகம் பதிந்துவிட்டது. பழகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் நகர்ந்து குளத்தின் ஓரத்துப் படியில் உட்கார்ந்தேன். அங்கே தரையில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் மூடினாள், நின்றது. எடுத்தாள், எழும்பியது. முக்கால் மணி நேரம் அதையேதான் செய்தாள், நடுநடுவே என்னைப் பார்த்து "நிக்குது பாரும்மா" என்றாள். அவளுக்கு அன்றைக்கு அதுதான் தீம் பார்க். பயப்படுகிற பிள்ளையைத் தூக்கி அடியில் நிறுத்தாதீர்கள். அந்தப் பயம் அடுத்த வருஷம் வரைக்கும் வரும், குளியலறை ஷவருக்கே அழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உடைக்கு வருவோம். தண்ணீரில் இறங்க நைலான் மாதிரித் துணிதான் விடுவார்கள், பருத்தி கூடாது என்பார்கள். ஊரிலேயே வாங்கிவிடுங்கள், உள்ளே விலை அதிகம், அளவும் சரியாகக் கிடைக்காது. சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊறிப் பூசணிக்காய் மாதிரி தொங்கும், நீச்சலுக்கென்று தனி டயப்பர் வருகிறது. கொலுசு, அரைஞாண், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், சறுக்கில் மாட்டினால் ஆபத்து, தொலைந்தால் அன்றைய நாளே போச்சு. வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரை பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும், பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஒன்று போடுங்கள். மாற்று உடை இரண்டு செட், அதில் ஒன்றைக் காரிலேயோ ரூமிலேயோ விட்டுப்போங்கள்.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோக பொதுவாக விடமாட்டார்கள், குழந்தைக்கான உணவுக்கு மறுப்பதில்லை, வாசலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் போங்கள். கேரளப் பக்கம் ஹோட்டலில் மட்டை அரிசிச் சோறு வந்தால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் குண்டு குண்டாக இருக்கிறது என்று துப்பிவிடும், வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள், தயிரும் நேந்திரம்பழமும் எப்படியும் கிடைக்கும். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைப்பார்கள், பயப்பட வேண்டாம், பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு எந்த ராட்டினமும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும், எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதைப் பாக்கெட்டில் பார்த்துக் கலக்குங்கள், சிறிய பாக்கெட்டும் பெரியதும் ஒன்றல்ல.

தொலைந்துபோவதைப் பற்றியும் பேசிவிடுகிறேன். வாசலில் நின்று பிள்ளையை முழு உருவமாக ஒரு போட்டோ எடுங்கள், அன்றைக்கு என்ன உடை என்று பதட்டத்தில் உங்களுக்கே நினைவு வராது. தண்ணீருக்கு மாறிய பிறகு இன்னொன்று. முன்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதி மேலே கண்ணாடி டேப் ஒட்டுங்கள், தண்ணீரில் சீக்கிரம் அழியாது. அப்புறம் பெயர். வீட்டில் பாப்பா, தங்கம், சாமி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், யாராவது பெயர் கேட்டால் பிள்ளை "பாப்பா" என்றுதான் சொல்லும். அறிவிப்பு மலையாளத்தில் வரும், அதில் பாப்பா என்று சொன்னால் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே முழுப்பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் விளையாட்டாகச் சொல்லப் பழக்குங்கள். "அம்மாவக் காணோம்னா நின்ன எடத்துலயே நில்லு, யூனிபார்ம் போட்டவங்ககிட்ட மட்டும் சொல்லு" என்பதையும்.

இதெல்லாம் சரிப்பட்டு வருமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலம்புழாவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அணைத் தோட்டம், ரோப் கார், மீன் காட்சி என்று பாதி நாள் போகும், செலவும் குறைவு. எத்தனை நேரம் நடக்கிறது, வரிசையில் நிற்கிறதா, தெரியாத கழிப்பறையில் உட்காருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் சின்னவள் அங்கே ஒன்றுக்குப் போகமாட்டேன் என்று மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டாள். அதனால்தான் அடுத்த பயணத்துக்கு அவளுடைய சின்னப் பிளாஸ்டிக் பாத்திரத்தை டிக்கியில் வைத்துக் கொண்டுபோனோம்.

நாலரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள், மூடும் நேரம் வரை நின்றால் குளிக்க, உடை மாற்ற எல்லா இடத்திலும் கூட்டம். நல்ல தண்ணீரில் தலையோடு குளிப்பாட்டி, காதுமடலைத் துணியால் ஒற்றி எடுத்து, முழுக்கை உடை போட்டு, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம், விருந்து, கல்யாணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து மணி வரை தூங்கட்டும்.