போர்க்காலத்தில் தூதரக ரகசியம் கசிவது எப்படி?

நல்ல திண்டுக்கல் பூட்டாக வாங்கி மாட்டிவிட்டு, சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டுக் கிளம்புகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. போர்க்காலத் தூதரக ரகசியங்கள் பலவும் அப்படித்தான் வெளியே போயின. மதுரையில் என்னிடம் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் வெளியுறவுப் பணிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து எழுதும் முறைதான் சங்கேதம். பழைய சங்கேதத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான தவறு. 1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஜிம்மர்மன் மெக்சிகோவுக்கு ஒரு தந்தி அனுப்பினார். அமெரிக்கா போரில் இறங்கினால் எங்களோடு சேருங்கள், டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்பது சேதி. பெர்லினிலிருந்து வாஷிங்டன் வரை புதிய சங்கேதத்தில் போனது; பிரிட்டிஷ்காரர்களால் அரைகுறையாகத்தான் படிக்க முடிந்தது. மெக்சிகோவில் இருந்த ஜெர்மன் தூதரகத்திடம் புதிய சங்கேதப் புத்தகம் இல்லை. அதனால் வாஷிங்டன் தூதரகம் அதே செய்தியைப் பழைய சங்கேதத்தில் மாற்றி அனுப்பியது. மெக்சிகோ தந்தி அலுவலகத்தில் அந்தப் பிரதி பிரிட்டிஷார் கையில் சிக்கியதும் மொத்தமும் அம்பலம். நீர்மூழ்கித் தாக்குதலால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த அமெரிக்கா ஏப்ரல் 6 அன்று போரில் இறங்கியது. புதிய புத்தகம் போய்ச் சேராத இடத்துக்கு அந்தச் செய்தியை அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

சாவித் தாள் என்பது செய்தியை மறைக்கவும் திரும்பப் படிக்கவும் உதவும் எண்கள் அச்சிட்ட தாள்; ஒரு தாளை ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும். அதிலும் இதே கதைதான். 1942-இல் போர் நெருக்கடியில் சோவியத் யூனியனில் சில தாள்களை இரட்டைப் பிரதியாக அச்சிட்டுவிட்டார்கள். அதை வைத்தே அமெரிக்கர்கள் பின்னாளில் பல செய்திகளைப் படித்தார்கள்.

அப்புறம், வரி பிசகாமல் அனுப்புவது. எதிர்த்தரப்பு கொடுத்த குறிப்பை அப்படியே சங்கேதமாக்கினால், மூலம் அவர்கள் கையிலேயே இருக்கிறதே! இரண்டையும் ஒப்பிட்டே சங்கேதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கா ஜப்பானியத் தூதருக்குக் கொடுத்த குறிப்புகள் டோக்கியோவுக்கு அப்படி வரி மாறாமல் போனதுதான், 1940-இல் ஜப்பானியச் சங்கேதம் உடைய ஒரு காரணம். சுருக்கி, சொல்லை மாற்றி, வரிசையைக் கலைத்து அனுப்ப வேண்டும்.

"பூட்டே உடையாமல் திருடினால் எப்படி சார் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாதும்மா. அதனால்தான் திருட்டு தெரியும்வரை காத்திருக்காமல், நாள் குறித்துப் புத்தகத்தை மாற்ற வேண்டும். 1941-இல் ரோம் நகர அமெரிக்கத் தூதரகத்தில் இத்தாலியர்கள் சங்கேதப் புத்தகத்தை எடுத்து, படம் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள். அதே சங்கேதத்தில் கெய்ரோவிலிருந்து அமெரிக்க ராணுவ அதிகாரி அனுப்பிய பிரிட்டிஷ் படை விவரங்களெல்லாம், வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷாரோடு போரிட்ட ஜெர்மன் தளபதி ரோமெலுக்கு மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன. 1942 ஜூன் கடைசியில்தான் அது நின்றது.